தட்டில் பொறித்த எண், கோப்பில் பொதிந்த எழுத்து

ஒரு காலத்தில் தியாகதுருகம் பக்கத்துக் கல்யாண வீட்டில் முதலில் வந்து இறங்குவது சமையல் பாத்திரமா, மைக் செட்டா என்று பந்தயமே கட்டலாம். ஆம்ப்ளிஃபையர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒயர்ச் சுருள், தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டு. ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் ஏற்றிக் கட்டி, சீர்காழி கோவிந்தராஜன் குரலில் ஒரு பிள்ளையார் பாட்டைப் போட்டுவிட்டால், சென்னை–சேலம் சாலையில் பஸ்ஸில் போகிறவனுக்கும் இந்த ஊரில் விசேஷம் என்று தெரிந்துவிடும். தட்டு, கேசட், சி.டி., பென்டிரைவ் என்று பெட்டிக்குள் இருந்த சரக்கு மாறிக்கொண்டே வந்தது. கையில் இருப்பது எது என்று கண்டுபிடிக்கும் வழியும் கூடவே மாறியது.

தட்டுக் காலத்திலேயே அது சிக்கலான வேலைதான். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து ஒலிப்பதிவு செய்தார். அப்போது இந்தியாவில் தட்டு அச்சடிக்கும் ஆலை இல்லை. மூலப் பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குக் கப்பலேறின. அங்கே இருந்தவர்களுக்கு இந்தியப் பாட்டும் புரியாது, பாடகர் யார் என்றும் தெரியாது. அதனால்தான் பாடகி கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். இன்று கேட்பவர்களுக்கு அது கொஞ்சம் வேடிக்கை. அன்றைக்கு அதுதான் லேபிள் ஒட்டுகிறவனுக்கு வழிகாட்டி. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை வந்த பிறகு இந்தக் கப்பல் பயணம் குறைந்தது.

குரலைத் தவிர இன்னொரு அடையாளமும் உண்டு. காகித லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான பகுதியில் ஓர் எண்ணும் ஓரிரு எழுத்துகளும் பொறித்திருப்பார்கள். தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படும். எந்தப் பதிவு, எத்தனையாவது முறை பாடியது, பதிவு செய்த பொறியாளர் யார் என்பதெல்லாம் அதில் அடக்கம். அதே பதிவு வேறு லேபிளில், வேறு விற்பனை எண்ணோடு மறுபடி வெளிவந்தாலும் இந்த எண் பெரும்பாலும் மாறாது. பழைய தட்டு சேகரிப்பவர்கள் லேபிளைவிட இதைத்தான் நம்புகிறார்கள்.

கேசட்டில் அந்த வசதி இல்லை. பஸ் நிலையத்துக் கடையில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துக் காலி கேசட்டில் பதிந்து வாங்கினால், அட்டையில் பேனாவால் எழுதியதே அடையாளம்; அட்டை தொலைந்தால் அதுவும் போச்சு.

பென்டிரைவ் வந்தபோது இந்தக் கவலை தீர்ந்ததாகத்தான் தோன்றியது. தீரவில்லை. கல்யாண வீட்டுப் பையன் போனிலிருந்து பாட்டை ஏற்றிக்கொண்டு வருவான். பெயருக்குப் பின்னால் எம்.பி.3 என்றே இருக்கும். மைக் செட் பெட்டியோ அதைத் தாண்டி அடுத்த பாட்டுக்குப் போய்விடும். காரணம், யாரோ எம்.4.ஏ. என்ற வேறு வகைக் கோப்புக்குப் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். பெயரின் வால் வெறும் லேபிள்தான். யார் வேண்டுமானாலும் கிழித்து வேறு ஒட்டலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியக் கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்க்க வேண்டும்.

ஒரு வேவ் கோப்பைத் திறந்து எண்களாகப் பார்த்தால் 82, 73, 70, 70 என்று தொடங்கும். எழுத்தாக்கினால் அது 'ரிஃப்'. அடுத்த நான்கு பைட், அதற்குப் பின் மீதமிருக்கும் கோப்பின் அளவு. அதற்கடுத்து 87, 65, 86, 69, அதாவது 'வேவ்'. முதல் நான்கை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது, ஏ.வி.ஐ. என்ற வீடியோ கோப்பும் 'ரிஃப்' என்றுதான் தொடங்கும். எம்.4.ஏ.யில் அடையாளம் ஐந்தாவது பைட்டிலிருந்து வருகிறது: 102, 116, 121, 112.

இந்த வழக்கத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1985இல் வகுத்த ஐ.எஃப்.எஃப். முறையில், ஒவ்வொரு துண்டுக்கும் நான்கெழுத்துப் பெயரும் அளவும் தலையில் இருக்கும். ஆப்பிளின் ஏ.ஐ.எஃப்.எஃப். அதன் வாரிசு, மைக்ரோசாஃப்டும் ஐ.பி.எம்.மும் 1991இல் கொண்டுவந்த ரிஃப் அதே குடும்பம். கோப்பின் உள்ளே பார்த்து வகை சொல்லும் 'ஃபைல்' கட்டளை யூனிக்ஸில் 1973லேயே இருந்தது. அது தேடும் இந்த எண்களுக்கு அங்கே 'மேஜிக்' என்றே பெயர்.

எம்.பி.3 மட்டும் இந்த ஒழுங்குக்குள் அடங்காது. கோப்பு முழுமைக்கும் பொதுவான தலைப்பு அதற்குக் கிடையாது. ஏறத்தாழ 26 மில்லி விநாடிக்கு ஒரு சட்டமாக (ஃபிரேம்) பாட்டு நறுக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொரு சட்டமும் பெரும்பாலும் 255, 251 என்று தொடங்கும். பாதியில் வெட்டுப்பட்ட எம்.பி.3யும் பாடுவதற்கு இதுதான் காரணம். ஆனால் ஒருவகை ஏ.ஏ.சி. கோப்பும் 255, 241 என்று தொடங்கும், அவசரத்தில் ஏமாறலாம். கணக்கிட்ட தூரத்தில் அடுத்த சட்டம் வருகிறதா என்று பார்த்தால்தான் உறுதி.

பாட்டின் பெயர் எழுதவும் எம்.பி.3யில் முதலில் இடம் இல்லை. 1996இல் எரிக் கெம்ப் கோப்பின் கடைசி 128 பைட்டுகளை அதற்கு ஒதுக்கினார்: பாட்டுக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30. யூனிகோடு தமிழில் ஒரு குறியீட்டுக்கு வழக்கமாக 3 பைட் ஆகும்; கொம்பும் காலும் தனிக் கணக்கு. சீர்காழி கோவிந்தராஜன் பெயரை அதற்குள் முழுசாக அடைக்க முடியாது. இசை வகைக்கு முதலில் இருந்த 80 பெயரில் போல்கா உண்டு, கர்நாடக இசை இல்லை! 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு இந்த விவரங்களைக் கோப்பின் தலைக்கு மாற்றி, இடத்தையும் தாராளமாக்கியது. அதனால் இப்போது பல எம்.பி.3 கோப்புகள் 73, 68, 51 என்று தொடங்குகின்றன.

பட்டன் போன் காலத்தில் கூத்தையும் பம்பையையும் போனிலேயே பதிந்து வைத்தவர்கள் இந்தப் பக்கமெல்லாம் உண்டு. அவற்றில் பல ஏ.எம்.ஆர். கோப்புகள்: 35, 33, 65, 77, 82 என்று தொடங்கும், விநாடிக்கு 8,000 மாதிரிதான், அதனால் பம்பை ஒலி தகரம் தட்டுவதுபோல் கேட்கும். மெமரி கார்டு கெட்டுக் கோப்புப் பட்டியலே அழிந்தாலும் ஃபோட்டோரெக் போன்ற மென்பொருள் கார்டு முழுக்க இந்தத் தொடக்க எண்களைத் தேடிக் கோப்புகளை மீட்கிறது. மீண்டு வருபவற்றுக்குப் பழைய பெயர் இருக்காது, ஏதோ ஓர் எண் மட்டும்தான். எம்.பி.3 என்றால் உள்ளே இருக்கும் விவரத்தை வைத்துப் பெயரிடலாம், ஏ.எம்.ஆர். என்றால் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்க வேண்டியதுதான்.