கால் மரத்துப்போகிறதா? கோளாறு முதுகில் இருக்கலாம்!

எம்ஆர்டி இருக்கையிலிருந்து எழும்போது இடுப்பிலிருந்து பாதம்வரை சுரீரென்று வலி. விரல்கள் மரத்துப்போகின்றன. "கால்ல ஏதோ சுளுக்கு" என்று தைலம் தேய்க்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

என்ன நடக்கிறது?

முதுகெலும்புகளுக்கு நடுவே 'டிஸ்க்' எனும் மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. அவற்றின் வெளிப்புறம் கெட்டி, உள்ளே கூழ். கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தினால், அந்த நரம்பு போய்ச்சேரும் காலில் வலி தெரியும். இருமினால், தும்மினால் வலி கூடலாம்.

பெரும்பாலும் பாதிக்கப்படுவது இடுப்பின் கடைசி 2 வட்டுகள். கட்டைவிரல் பக்கம் மரத்தால் ஒரு நரம்பு, சுண்டுவிரல் பக்கம் மரத்தால் அதற்கு அடுத்த நரம்பு. அதனால், எந்த இடம் மரத்துப்போகிறது என்பதை மருத்துவரிடம் சரியாகச் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சை வேண்டுமா?

பெரும்பாலோருக்கு வேண்டாம். 6 முதல் 12 வாரங்களில் வலி குறைந்துவிடும். பிதுங்கிய பகுதியை உடலே மெல்ல மெல்லச் சுருக்கிவிடும். எம்ஆர்ஐ ஸ்கேனும் எல்லாருக்கும் உடனே தேவைப்படாது. பல வாரங்களாகியும் வலி குறையவில்லை என்றால் ஊசி, அறுவை சிகிச்சை பற்றி மருத்துவர் பேசுவார்.

அதுவரை என்ன செய்யலாம்?

- படுத்தே கிடக்காதீர்கள். கொஞ்ச தூரம், அடிக்கடி நடங்கள்.
- அரை மணி நேரத்துக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.
- மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை. ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே.
- குனிந்து பளு தூக்குவதை இப்போதைக்குத் தவிருங்கள்.
- வயிற்றுப்புண், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் வலி மாத்திரை எடுக்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள்.
- மரத்த இடத்தில் சூடான ஒத்தடம் வேண்டாம். தோல் சுட்டாலும் தெரியாது.

வலி பாதத்தை விட்டு மேலேறி முதுகோடு நின்றால் பயம் வேண்டாம், பெரும்பாலும் அது நல்ல அறிகுறி. வலி போன பிறகும் மரத்த உணர்வு சில மாதம் நீடிக்கலாம்.

இதற்குக் காத்திருக்காதீர்கள்!

- சிறுநீர் வரவில்லை, அல்லது சிறுநீர், மலத்தை அடக்க முடியவில்லை
- தொடை இடுக்கு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப்போகிறது
- இரு கால்களும் பலவீனமாகின்றன
- பாதத்தை மேலே தூக்க முடியவில்லை

இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகிவிடக்கூடும்.