பேராக் தோட்டங்களும் திருச்சபை இளைஞரும்

1895-இல் மெதடிஸ்ட் மிஷனரி வில்லியம் ஹோர்லி மலாயாவின் பேராக் மாநிலத்திலுள்ள ஈப்போவில் ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கியபின், ரப்பர் தோட்டங்கள் பெருகி, தமிழகத்து ஊர்களிலிருந்து ஆள்திரட்டி வந்த மேற்பார்வையாளர்களான கங்காணிகள் வழியாகத் தமிழர் பேராக்கில் குடியேறியபோது, திருச்சபைப் பணி நகரத்தைத் தாண்டி, தொழிலாளரின் வரிசை வீடுகளாகிய லயங்களுக்கும் செல்ல வேண்டியதாயிற்று. தோட்டம் தனியார் நிலமாதலால் துரை எனப்பட்ட மேலாளரின் இசைவே ஆராதனைக்கும் வாசலாயிருந்தது; இது ஊழியத்தின் சுதந்திரத்தைக் குறுக்கியது என்பதை மறுக்க இயலாது. 1948 ஜூனில் அதே மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் மூன்று துரைமார் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் தோட்டப் பயணம் ஆபத்தானதாயிற்று. பின்னர் ரப்பர் செம்பனைக்கு இடம்விட, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. இன்று பள்ளி விடுமுறையில் நகரங்களிலிருந்து தோட்டங்களுக்குச் செல்லும் திருச்சபை வாலிபர் குழுக்களில், அதே லயங்களில் வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகளும் உள்ளனர்.