பெண் மக்களின் பங்கு: சட்டம் கடந்து வந்த பாதை

உஹதுப் போரில் ஷஹீதான ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, தம் இரு பெண் மக்களையும் அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். தம் கணவர் விட்டுச் சென்ற சொத்து முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார் என்றும், பொருள் இல்லாமல் இப்பெண்களுக்குத் திருமணம் நடவாது என்றும் முறையிட்டார். அதன் பின்னரே வாரிசுரிமை வசனம் அருளப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் அச்சகோதரரை வரவழைத்து, பெண் மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கையும், அவர்களின் தாய்க்கு எட்டில் ஒரு பங்கையும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறு பணித்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய ஹதீஸ் நூல்களில் இடம்பெற்றுள்ளது.

ஒரு விதவைத் தாய் வாய்திறந்து கேட்ட நியாயம் அது. பங்கு சிறிதாயினும் பெரிதாயினும் ஆண்களுக்கு இருப்பது போலப் பெண்களுக்கும் உண்டு என்று நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம் விதித்தது. 11, 12ஆம் வசனங்கள் அளவுகளை வகுத்தன. தொழுகையின் ரக்அத்துகளுக்குக்கூடக் குர்ஆனில் எண்ணிக்கை கூறப்படவில்லை. வாரிசுப் பங்குகளுக்கோ பின்னக் கணக்கே தரப்பட்டுள்ளது. இதன் முக்கியத்துவத்தை நாம் உணர வேண்டும்.

ஆயினும் இந்திய முஸ்லிம்களிடையே இக்கணக்கை ஊர் வழக்கம் நெடுங்காலம் மூடி மறைத்தது. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டம், வாரிசுரிமை போன்ற விவகாரங்களில் முஸ்லிம்களுக்கு அவர்களின் மார்க்கச் சட்டமே பொருந்தும் என்றது. நடைமுறை அவ்வாறு அமையவில்லை. 1847இல் பம்பாய் உச்ச நீதிமன்றத்தில் கோஜா, மேமன் குடும்பப் பெண்கள் குர்ஆன் கூறும் பங்கைக் கேட்டு வழக்குத் தொடுத்தனர். அச்சமூகத்தாரின் வழக்கப்படி பெண் மக்களுக்குச் சொத்தில் பங்கில்லை என்று கூறி, நீதிபதி எர்ஸ்கின் பெர்ரி அவ்வழக்கத்தையே நிலைநிறுத்தினார். நம் சென்னை மாகாணத்தில் 1873இல் இயற்றப்பட்ட சிவில் நீதிமன்றச் சட்டமும், முஸ்லிம் சட்டத்தோடு, சட்டவலிமை பெற்ற வழக்கத்துக்கும் இடமளித்தது. பஞ்சாபில் வழக்கத்தின் பெயரால் பெண் மக்கள் நிலவுரிமையை இழந்தனர்.

இந்நிலையை மாற்ற உலமாக்களும் முஸ்லிம் பெண்கள் அமைப்புகளும் குரல் கொடுத்தனர். அதன் பயனாக 1937ஆம் ஆண்டின் 26ஆம் சட்டமான முஸ்லிம் தனிநபர் சட்ட (ஷரீஅத்) அமலாக்கச் சட்டம் பிறந்தது. வழக்கம் எதுவாயினும், உயில் இன்றி இறந்தவரின் சொத்து, மஹர், தலாக், ஹிபா, வக்ஃப் முதலியவற்றில் இரு தரப்பாரும் முஸ்லிம்களாயின் ஷரீஅத் சட்டமே தீர்ப்பின் அடிப்படை என்று அதன் 2ஆம் பிரிவு அறிவித்தது.

ஆனால் அப்பிரிவிலேயே, வேளாண் நிலம் தொடர்பானவை நீங்கலாக என்றொரு விலக்கும் இருந்தது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி வேளாண் நிலத்தின் வாரிசுரிமை மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்ததே அதற்குக் காரணம். பெரும்பான்மையோரின் சொத்து வயலும் தோப்புமாக இருந்த காலத்தில், அந்த விலக்கு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. சென்னை மாகாணம் 1949ஆம் ஆண்டின் 18ஆம் சட்டத்தின் மூலம் அந்த விலக்கை நீக்கியது. அன்று முதல் நம் பகுதியில் வீட்டுக்கும் வயலுக்கும் ஒரே சட்டம்.

சட்டம் அத்தோடு தன் கடமையை முடித்துக்கொண்டது. நம் கடமை முடிந்ததா? நீதிமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பழைய வழக்கம், நம் வீட்டுக் கூடத்தில் வேறு பெயர்களில் வந்து அமர்ந்துகொள்கிறது. "கல்யாணத்தில் நகையும் சீரும் செய்தாயிற்றே" என்பது ஒன்று. தந்தை உயிரோடிருக்கையில் கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுரிமையோ அவர் மறைந்த பின்னரே பிறக்கிறது. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கழிக்க ஷரீஅத்தில் இடமில்லை.

தந்தை வாழும்போதே மகளிடம், "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதி வாங்குவது மற்றொன்று. இன்னும் பிறவாத உரிமையை விட்டுக்கொடுக்க இயலாது என்பதே முஸ்லிம் சட்டம். எனினும் ஈடு பெற்றுக்கொண்டு மற்ற வாரிசுகளை நம்பச் செய்தவர் பிற்பாடு மாற்றிப் பேச முடியாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே கையொப்பத்தை விளையாட்டாகக் கருதலாகாது. தந்தை மறைந்த பின் எழுதும் விடுதலைப் பத்திரம் இன்னும் வலிமையானது. நாற்பதாம் நாளுக்குள், கண்ணீர் காயுமுன், சகோதரியின் முன் அப்பத்திரத்தை நீட்டுவதைக் கைவிடுவோம்.

மூன்றாவது கடை. நம் மார்க்கச் சட்டத்தில் கூட்டுக் குடும்பச் சொத்து என்பது கிடையாது. தந்தை மறைந்த அக்கணமே கடையின் சரக்கு, வாடகை முன்பணம், வரவேண்டிய பாக்கி ஆகிய அனைத்திலும் ஒவ்வொரு வாரிசுக்கும் தனிப் பங்கு உண்டு. கல்லாவில் அமர்ந்திருப்பவர் மகனாயினும் அவர் பிறர் பங்குக்கும் பொறுப்பாளரே. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் பெயர்களைக் காட்டுமேயன்றிப் பங்கின் அளவைக் காட்டாது. பட்டா ஒருவர் பெயருக்கு மாறியதாலேயே மற்றவரின் உரிமை அழிந்துவிடாது.

கணக்கு கடினமானதன்று. முதலில் அடக்கச் செலவு, பின்னர் மனைவிக்குத் தரவேண்டிய மஹர் உட்பட எல்லாக் கடன்கள், பின்னர் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத், எஞ்சியதே பங்கு. பெற்றோர் முன்பே இறந்திருக்க, மனைவி, இரு மகன்கள், ஒரு மகளை விட்டு ஒருவர் மறைந்தார் என்க. எஞ்சிய சொத்து 40 லட்சம் ரூபாயாயின், மனைவிக்கு 5 லட்சம், மகன்களுக்குத் தலா 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம். இதனைப் பாகப்பிரிவினைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்துவிட்டால், பேரப்பிள்ளைகள் நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை.

சகோதரி தன் பங்கைத் தம்பிக்கு மனமுவந்து கொடுத்தால் அது அவருடைய கொடை. ஆனால் கொடுக்கும் முன் அது அவர் கைக்கு வந்திருக்க வேண்டும். அவர் அதன் அளவை அறிந்திருக்க வேண்டும். பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் மௌனமாக இருப்பதைச் சம்மதம் என்று நாம் எழுதிக்கொள்ளலாகாது. ஸஃது (ரலி) அவர்களின் மனைவி கேட்டுப் பெற்றார். நம் வீட்டுப் பெண்கள் கேட்கும் நிலைக்குத் தள்ளப்படுமுன், அவர்களின் பங்கை நாமே கணக்கிட்டு அவர்கள் கையில் ஒப்படைப்போமாக.