கடைசிப் பந்தியின் நோய்

கேத்திப் பள்ளத்தாக்கு முழுக்கக் காய்கறித் தோட்டம்: கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ். மண்ணில் குனிந்து களையெடுப்பவர்களில் பெண்களே அதிகம். இங்கிருந்து மலைரயில் இறங்கிப் போகும் குன்னூருக்குப் பெண்களின் இரத்தசோகை வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

1928இல் ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் பம்பாய்க்கு வந்தார். பேறுகால மரணங்களை ஆராய்ந்துகொண்டிருந்த மருத்துவர் மார்கரெட் பால்ஃபர் அவரை அழைத்திருந்தார். ஏழைக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்திருந்தன. பலர் பிள்ளை பெறும் முன்பே இறந்தார்கள். முதலில் கிருமியைத் தேடிய வில்ஸ், பிறகு அவர்கள் என்ன உண்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினார். காயும் கனியும் அந்தத் தட்டுகளுக்கு அரிதாகவே வந்தன.

1929இல் சில மாதங்கள் அவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்தார். உணவாய்வுக்குப் பேர்போன இராபர்ட் மெக்காரிசனின் கூடம் அங்கேதான் இருந்தது. பம்பாய்ப் பெண்கள் உண்டதைப் போன்ற உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளின் பேன் அந்த முடிவுகளைக் குழப்பியதால், பின்னர் குரங்குகளிடம் சோதித்தார். ஈஸ்டிலிருந்து செய்யும் மலிவான 'மார்மைட்' கொடுத்ததும் இரத்தம் தேறியது. கர்ப்பிணிகளும் தேறினார்கள். 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை வெளியிட்டார்.

இன்னதென்று தெரியாத அந்தச் சத்து 'வில்ஸ் காரணி' எனப்பட்டது. 1941இல் பசலை வகைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். ஃபோலியம் என்றால் இலத்தீனில் இலை.

சத்துக்கு வில்ஸின் பெயர் கிடைத்தது. இரத்தம் கொடுத்த பம்பாய்ப் பெண்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

இன்று கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை அரசு இலவசமாகத் தருகிறது. அது உயிர் காக்கிறது. வேண்டாமென்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு உட்படக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று நம் அடுக்களையிலேயே இருக்கிறது.

என் அம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியை வழித்துச் சாப்பிட்டவர். அதைப் பாசம் என்றே நானும் நம்பி வளர்ந்தேன். இப்போது மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் வீட்டில் கீரை கடைந்தவருக்கு நேற்று எத்தனை கரண்டி மிஞ்சியது?

வில்ஸ் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான்.