இல்லத்தரசி

இல்லம் + அத்து + அரசி. நடுவில் நிற்பது அத்துச் சாரியை. இதற்கு மூத்தவள் 'இல்லாள்', திருக்குறளிலேயே இருக்கிறாள். அதை ஆண்பாலில் சொன்னால் 'இல்லான்', அதாவது வறியவன்! அங்கே வரும் 'இல்' வீடல்ல, இன்மை. வீட்டுக்காரன் என்று சொல்ல 'இல்லாளன்' என்று வேறு சொல் வேண்டியிருந்தது.

'அரசி' என்ற முடி மரியாதைக்குச் சூட்டியது. ஆனால் இந்த அரசிக்குக் கருவூலம் கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுவேலை மட்டும் செய்பவர் 'வேலை செய்யாதோர்' பட்டியலில் வருகிறார். பிச்சைக்காரர், கைதிகளோடு அவரையும் ஒரே வகையில் அடைத்ததை, விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் 2010-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. தமிழக அரசு 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியபோது, பெறுபவரைக் 'குடும்பத் தலைவி' என்றது. பணத்துக்கு 'உதவி' என்றில்லாமல் 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டது. எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது, தொகை போதாது என்றாலும்.

வேலையை விட்டு வீட்டோடு இருப்பவள் இல்லத்தரசி. வேலையை விடாதவள் 'வேலைக்குப் போகும் பெண்'. மாலையில் அவளும் அதே அடுப்படிக்குத்தான் வருகிறாள். அப்போது அவளை அரசி என்று யாரும் சொல்வதில்லை. 'இல்லத்தரசன்' என்ற சொல்லோ கேலிக்குத்தான் பயன்படுகிறது.