மாட்டுக்குப் பின்னாடி நடந்த அம்மாக்கள்

நம்ம கூட்டமைப்பில் அதிகமாகக் கேட்கப்படும் கடன் எது? யாரைக் கேட்டாலும் கறவை மாடுன்னுதான் சொல்வாங்க. அதனால் இந்த மலரில் நீலகிரியின் மாட்டு வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். அந்த வரலாற்றில் நம்ம அம்மாக்கள் எங்கே நின்னாங்க என்பதையும் பார்ப்போம்.

இந்த மலையில் தேயிலை வருவதற்கு முன்பே எருமை இருந்தது. 1819-ல் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் வந்தபோது, மேல்மலை முழுக்கப் புல்வெளியும் இடையிடையே சோலையுமாக இருந்தது. தோடர்களின் எருமைகள் அதில்தான் மேய்ந்தன. தோடர்கள் நெய் கொடுப்பார்கள், படகர்கள் தானியம் கொடுப்பார்கள், கோத்தர்கள் பானையும் இரும்புச் சாமானும் செய்து கொடுப்பார்கள். பணம் புழங்காத காலத்திலும் பாலும் நெய்யும் ஊரை ஊரோடு சேர்த்து வைத்தன.

அந்த வாழ்க்கை மழையையும் பனியையும் பார்த்து நடந்தது. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்தால் புல் கருகிப் போகும். அப்போது குடும்பத்தோடு மந்தை கிளம்பி, பசும்புல் இருக்கும் குந்தா, அவலாஞ்சிப் பக்கம் போய்விடும். மழை பெய்து புல் துளிர்த்ததும் பழைய மந்துக்குத் திரும்பி வருவார்கள். எருமைகளுக்கு உப்பு கொடுப்பதே ஒரு சடங்கு.

ஆனால் பால் கறப்பது, கடைவது, பால் கோவிலுக்குள் போவது எல்லாம் ஆண்களின் வேலை. ரிவர்ஸ் என்ற ஆய்வாளர் தோடர்களைப் பற்றி 1906-ல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் இந்தச் சடங்குகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. சில இடங்களில் பெண்கள் பாதையை விட்டு விலகித்தான் நடக்கணும். எருமையைத் தொடாத அந்தக் கைகள்தான் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூ போட்டன. கோடு வரையாமல், இழையை எண்ணியே போடுகிற வேலை அது. அந்தத் தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எருமை குறைந்துபோன காலத்தில் பல வீடுகளில் கையில் காசு வந்தது இந்த ஊசி வழியாகத்தான்.

எருமை ஏன் குறைந்தது? புல்வெளி போனதால். வெள்ளைக்காரர் காலத்திலேயே கற்பூர மரமும் சீகை மரமும் நட ஆரம்பித்தார்கள். பிறகு தேயிலையும் உருளைக்கிழங்கும் பரவின. பைக்காராவிலும் குந்தாவிலும் அணை கட்டியபோது மேய்ச்சல் நிலம் தண்ணீருக்குள் போனது. தோடா எருமைப் பாலில் கொழுப்பு 8 சதவீதம் அளவுக்கு இருக்கும். ஆனால் கறக்கும் அளவு குறைவு. லிட்டர் கணக்கில் விற்கிற சந்தையில் அது எப்படித் தாக்குப்பிடிக்கும்?

அந்த இடத்துக்குக் கலப்பினப் பசு வந்தது. குளிருக்குத் தாங்கும் என்று மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் கலப்பினத்தைச் சொன்னார்கள். இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த எங்க மாதிரிக் குடும்பங்களும் லயத்துக்குப் பின்னாடி ஒரு மாடு கட்டினாங்க. எங்க பாட்டி பகல் முழுக்கக் கொழுந்து பறிப்பாங்க. சாயங்காலம் திரும்பும்போது தலையில் புல்லுக்கட்டு இருக்கும். ஆடி மழையில் கொட்டகைச் சேறு முழங்கால் வரை. மாட்டுக்குக் குளம்பு புண்ணாகிடும்னு ராத்திரியில் எழுந்து சாம்பல் தூவுவாங்க. தை மாசம் புல் கருகினால், கீழ்நாட்டு வைக்கோலுக்குக் காசு புரட்டணும்.

இவ்வளவும் பாட்டி செஞ்சாங்க. ஆனா பால் அட்டையில் இருந்தது தாத்தா பேர். பால் காசு வாங்கப் போனதும் தாத்தாதான். "மாடு என் பேச்சைத்தான் கேக்கும், காசுதான் கேக்காது"ன்னு பாட்டி சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சது.

1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது, பல வீட்டில் அடுப்பு எரிந்தது பால் காசில்தான். அப்போதுதான் மாட்டின் மதிப்பு ஆண்களுக்கும் தெரிந்தது. குழுக் கடனில் மாடு வாங்கியபோது முதல் முறையாகப் பெண் பேரில் மாடு, பெண் பேரில் காப்பீடு, பெண் பேரில் வங்கிக் கணக்கு என்று வந்தது. தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுத் திட்டம் நம்ம கொட்டகை வரைக்கும் வந்து சேர்ந்த கதை இதுதான்.

இன்னும் முடியலை. கடன் மனுவில் 'தொழில்' என்ற இடத்தில் நம்மில் பலர் இன்னைக்கும் 'இல்லத்தரசி' என்றே எழுதுகிறோம். விடியக்காலை நாலரை மணிக்கு எழுந்து, சாணி அள்ளி, பால் கறந்து, சங்கத்துக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து அப்படி எழுதுகிறோம். அடுத்த தடவை அந்த இடத்தில் 'கால்நடை வளர்ப்பு' என்று எழுதுங்க அக்கா. எழுத்துக்கூட்டத் தெரியாட்டி பக்கத்தில் இருக்கிற தங்கச்சியைக் கேளுங்க. நம்ம பாட்டிமாருக்குக் கிடைக்காத பேர் அது.