பஞ்சு போன பாதையில்

மணியாச்சி என்றதும் 1911இல் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதே பலருக்கும் நினைவு வரும். அந்தச் சந்திப்பு நிலையத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு.

1876இல் மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. கரிசல் பருத்தி அதில் துறைமுகம் சென்றது, ஆட்களும் சென்றனர். ஏன்? கரிசல் வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழையை நம்பி ஒரே போகம். பருத்தி எடுத்து முடிந்ததும் கூலிக்காரர்களுக்கு அடுத்த விதைப்புவரை வேலை அரிது. இதை மக்கள் தொகை மிகுதி என்பதைவிட வேலைநாள் பற்றாக்குறை என்பதே பொருத்தம்.

அதே 1876இல் பெரும்பஞ்சமும் தொடங்கியது. கடலுக்கப்பால் இலங்கைத் தோட்டங்கள் ஆள் தேடின. கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினார்; தூத்துக்குடியில் கப்பலேறினால் கொழும்பு. அந்த முன்பணமே கடனாகிக் காலைக் கட்டியது. கடன் தொகையைக் குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். தொழிலாளியை எடுத்துக்கொள்ளும் புதிய தோட்டம் அத்தொகையைத் தீர்க்க வேண்டும். ஏறத்தாழ ஆளை விலைக்கு வாங்குவதுதான்! 1921இல்தான் சட்டம் இதைத் தடுத்தது. இலங்கைத் தேயிலையின் வளர்ச்சியில் இந்த உழைப்புக்குப் பெரும் பங்குண்டு.

கோவில்பட்டியில் 1891இல் நூற்பாலை எழுந்தது. பஞ்சு உள்ளூரிலேயே நூலாயிற்று. பின்னர் தீப்பெட்டித் தொழில் பரவியது. பயிரை வாட்டிய அதே வறண்ட காற்று தீக்குச்சிகளை விரைவில் உலர்த்தியது. பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்கே வந்தது.